கன்சல்டிங்கில் கார் வாங்கும்போது தனி ஆய்வாளரை வைத்துப் பார்ப்பது பயன் தருமா?

கேள்வி: திருப்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் உள்ள ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடை), 2019 ஆகஸ்டில் சென்னையில் பதிவான டீசல் செடான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரே உரிமையாளர், மீட்டரில் 48,000 கிலோமீட்டர், விபத்து ஏதும் இல்லை என்கிறார்கள். விலை ஆறு லட்சத்து நாற்பதாயிரம். "இருநூறு அம்சப் பரிசோதனை" என்று அவர்களே தயாரித்த அறிக்கை ஒன்றையும் காட்டினார்கள். அதில் டயரைத் தவிர எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி இட்டிருக்கிறது.

தனியாக வந்து வண்டியைப் பார்த்துத் தரும் ஆய்வாளர் ஒருவரை விசாரித்தேன்; மூவாயிரம் ரூபாய் கேட்கிறார். விற்பனையாளரிடம் இதைச் சொன்னபோது, ஓர் அறிக்கை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டார். பிறகு, இருபத்தைந்தாயிரம் டோக்கன் (முன்பணம்) கொடுத்துவிட்டு யாரை வேண்டுமானாலும் அழைத்து வந்து யார்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வண்டியை வெளிப் பட்டறைக்கு அனுப்ப முடியாது என்றார்.

நான் கண்ணால் பார்த்து அறிய முடியாத எதை அந்த ஆய்வு எனக்குக் காட்டும்? வாங்கிய பின் வண்டியைப் பற்றிச் சொன்னது பொய் என்று தெரிந்தால், ஆய்வு அறிக்கை சட்டப்படி எனக்கு உதவுமா? நடப்பு இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகல் மட்டும் கையில் இருக்கிறது. அது 2025 ஆகஸ்டில் தொடங்குகிறது. நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 20 சதவீதம் என்று உள்ளது. வேறு எந்தத் தாள்களைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பட்டறைக்காரர்

போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசித் தகவல்தான் என் கண்ணில் முதலில் பட்டது. ஒரே உரிமையாளர் 2019 முதல் ஒரு கிளெய்மும் எடுக்காமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்திருந்தால், இந்நேரம் போனஸ் 50 சதவீதமாக இருக்க வேண்டும். அது 20, 25, 35, 45, 50 என்ற படிகளில் ஏறி, ஒரு கிளெய்ம் வந்தவுடன் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 2025 ஆகஸ்டில் 20 என்றால், அதற்கு முந்தைய ஓராண்டில் கிளெய்ம் இல்லை என்றும், 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான பாலிசிக் காலத்தில் ஏதோ ஒரு கிளெய்ம் இருந்தது என்றும் பொருள்படும். சென்னை வண்டி ஒன்றுக்கு அந்த இடைவெளியில்தான் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் வெள்ளமும் வருகிறது.

இதைக் கொண்டு வெள்ளத்தில் நின்ற வண்டி என்று நான் முடிவு கட்டவில்லை. பம்பர் உரசியதற்குக் கிளெய்ம் எடுத்திருக்கலாம். பாலிசியை 90 நாட்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். ஆனால் "ஒன்றுமே நடக்காத வண்டி" என்ற பேச்சுக்கும் இந்தத் தாளுக்கும் பொருந்தவில்லை. எனவே அந்தக் கிளெய்ம் எதற்கு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நீரில் நின்ற காரைக் கழுவி, சீட் உறைகளை மாற்றி, வாசனை தெளித்து நிறுத்திவிட்டால் யார்டு வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. ஆய்வாளர் வேறு இடங்களைப் பார்ப்பார். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, சுருளின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்துவார், சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று கவனிப்பார், ஸ்டெப்னி வைக்கும் குழியைத் துழாவுவார். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்கு அருகே தரையோடு ஒட்டி இருப்பதால், அங்குள்ள கனெக்டர்களில் பச்சை நிற அரிப்பு படர்ந்திருந்தால் நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதும் தெரிந்துவிடும். வயரிங்கில் அரிப்பு மெல்லத்தான் வேலை செய்யும்; வாங்கிப் பல மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு தொடங்குவதால்தான், விற்றவர் அதற்குள் கைகழுவிவிட முடிகிறது.

டிங்கரிங் (நசுங்கிய பாடியைத் தட்டிச் சீர்செய்வது) விஷயத்தில் பெயின்ட் தடிமன் மானி உதவும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிய இடத்தில் அது பல நூறுகளாக ஏறும். ஒரு கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருப்பதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். நம் ஊர்ச் சாலைகளில் அது இல்லாத கார் அரிது. கூரையைத் தாங்கும் பில்லர், கூரை, பானட்டுக்கு அடியில் இருக்கும் ஏப்ரன் என்ற உட்தகடு ஆகிய இடங்களில் கை வைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். வண்டியின் கணினியில் ஸ்கேனர் போட்டால் அதில் பதிவான கோளாறுக் குறிகள் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் முதலில் பார்ப்பது, அவை கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். அந்த எண் மிகச் சிறியதாக இருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்கென்றே துடைத்து வைத்திருக்கலாம்.

மீட்டரைக் குறைப்பது இன்று ஒரு லேப்டாப் வேலை. ஆகவே டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 48,000 ஓடிய காரில், இடையில் மாற்றிய டயர்களும் தேய்ந்து முடிந்திருந்தால் கணக்கு இடிக்கிறது. எல்லாவற்றையும்விட உறுதியானது, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் பதிவான கிலோமீட்டர் விவரம்தான். அதை அயலாருக்குத் தர மாட்டார்கள், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயருள்ள உரிமையாளர் மூலமாகக் கேளுங்கள்.

மறுமொழி: வழக்குரைஞர், கோவை

சட்டப்படி உதவுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஆய்வு இருபுறமும் வெட்டும் என்பதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பொருளின் தரம் பற்றிய பொறுப்பை ஒரு பொதுவிதியாக விற்பவர்மீது சுமத்துவதில்லை. அந்தத் தொழிலையே செய்யும் வணிகருக்கு அது சில விதிவிலக்குகள் வழியாகப் பொறுப்பை ஏற்றினாலும், வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவர் பொறுப்பாகமாட்டார் என்றும் கூறுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவிலும் இதே சாயலில், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையை அறிந்திருக்கக்கூடிய சில சூழல்களில் ஒப்பந்தத்தை ரத்து செய்ய இயலாது என்ற விதிவிலக்கு உண்டு.

எனவே, "ஆளை வைத்துப் பார்த்துத்தானே வாங்கினார்" என்று எதிர்தரப்பு வாதிடும். அதை முறியடிப்பதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியது ஆய்வு அறிக்கையைக் காட்டிலும் விற்பவரின் கையெழுத்துதான். மீட்டர் காட்டும் தூரம் உண்மையானது, வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, ஏர்பேக் விரிந்து மாற்றப்படவில்லை, பாடியின் அடிப்படைக் கட்டமைப்பில் வெட்டி ஒட்டிய வேலை இல்லை என்ற நான்கையும் டெலிவரி நோட்டில் எழுதி, நிறுவனத்தின் முத்திரையோடு வாங்குங்கள். அச்சிட்ட படிவத்தில் "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்" என்ற வரி இருந்தால், அதன் கீழேயே இந்த நான்கையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புவது நல்லது என்பது என் கருத்து.

கன்சல்டிங் ஒரு வணிகம் என்பதால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் நீங்கள் முறையிடலாம். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது அச்சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைக்குள் வருகிறது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலை கொடுத்திருந்தால் கட்டணம் 200 ரூபாய். உங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு பணியைக் கவனக்குறைவாகச் செய்த ஆய்வாளர்மீதும் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடரலாம். ஆனால் தன் சொந்தக் காரை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி திறக்காது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மறுமொழி: முன்பு ஆய்வுப் பணியில் இருந்தவர்

விற்பனையாளரே தரும் அறிக்கை, மாப்பிள்ளை வீட்டார் தாங்களே எழுதிய ஜாதகம் போன்றது. அதைக் கிழித்துப் போட வேண்டியதில்லை; பச்சைக் குறிகளைத் தனி ஆய்வின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், விற்பவரின் குணமும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

தனி ஆய்வாளர் என்ற பெயர் மட்டும் ஒருவரை நடுநிலையாளர் ஆக்கிவிடாது. பழைய வண்டி ஆய்வாளர் என்று அரசு உரிமம் வழங்கும் முறை நம் நாட்டில் இல்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயர்களுக்கு உள்ள உரிமம் வேறு வேலைக்கானது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் நீங்கள் கொடுக்கும் விலைக்கு வண்டி தகுமா என்று சொல்லாது. ஆகவே அவருக்குப் பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வண்டி பிடித்துத் தருவது, கடன் ஏற்பாடு செய்வது, இன்ஷூரன்ஸ் போட்டுத் தருவது என்று வேறு வேலைகளும் செய்பவருக்கு, விற்பனை முடிந்தால்தான் கூடுதல் வருமானம். விற்பனையாளரோ புரோக்கரோ பரிந்துரைக்கும் ஆய்வாளரை அழைக்காதீர்கள். "வேண்டாம்" என்று எழுதிய அறிக்கைக்கும் அதே மூவாயிரம்தான் என்று முன்னரே பேசி, பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பழைய அறிக்கை ஒன்றின் மாதிரியையும் கேட்டுப் பாருங்கள். "எஞ்சின் நன்று" என்று மட்டும் எழுதுபவரைவிட, எந்தப் பேனலில் எத்தனை மைக்ரான், ஸ்கேனரில் வந்த குறி என்ன, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது புகை எந்த நிறம் என்று அளவுகளையும் படங்களையும் தருபவர் மேலானவர். எதையெல்லாம் பார்க்க இயலவில்லை என்று வெளிப்படையாக எழுதுகிறாரா என்பதையும் கவனியுங்கள். லிஃப்ட் இல்லாத யார்டில் வண்டியின் அடிப்பாகத்தைச் சரியாகப் பார்க்கவே முடியாது. அங்கே குனிந்து டார்ச் அடித்துவிட்டு "அடிப்பாகம் சரி" என்று எழுதுபவர் உங்கள் பணத்தை வீணாக்குகிறார்.

டோக்கனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வுக்கு முன் கொடுத்த பணம் வாங்குபவரின் கையைக் கட்டிவிடும். இருபத்தைந்தாயிரம் போய்விடுமே என்ற அச்சத்தில், மோசமான அறிக்கையைப் படித்த பிறகும் வண்டியை எடுத்துச் சென்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆய்வில் திருப்தி இல்லாவிட்டால் முழுத் தொகையும் திரும்பும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

திருப்பூர்வாசி

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. பாலிசியில் உள்ள 20 சதவீதத்தைக் காட்டி, அது எந்தக் கிளெய்ம் என்று கேட்டேன்; தெரியாது என்றார்கள். உரிமையாளரோடு பேசாமல் டோக்கன் தரமாட்டேன் என்று உறுதியாக நின்ற பிறகு எண்ணைக் கொடுத்தார்கள். அவர் தயங்காமல் பேசினார். கிளெய்ம் எடுத்தது பின்பக்கம் வேன் இடித்ததற்கு என்றும், வெள்ள நீர் வண்டிக்குள் ஏறவில்லை என்றும் சொல்லி, சர்வீஸ் விவரத்தையும் அனுப்பினார். அதில் 2024 மார்ச்சில் பதிவான தூரம் 71,200 கிலோமீட்டர். தான் கொடுத்தபோது 90,000 தாண்டியிருந்தது என்று அவரே வியப்போடு சொன்னார்.

இனி ஆய்வாளரை அழைக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. விற்பனையாளரிடம் கேட்டபோது, மீட்டர் பழுதாகி மாற்றியது என்றும், வேண்டுமானால் விலையில் நாற்பதாயிரம் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். வண்டி ஓட்டிப் பார்க்க நன்றாகவே இருந்தது. குறைத்த விலைக்கு எடுக்கலாமா?

மறுமொழி: பட்டறைக்காரர்

எடுக்காதீர்கள். 90,000 ஓடிய டீசல் கார் தன்னளவில் மோசமான பொருள் அன்று. நேர்மையாகச் சொல்லியிருந்தால் அதற்குரிய விலையில் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் எந்தத் தூரத்துக்கு எந்தப் பராமரிப்பு வர வேண்டும் என்ற கணக்கே குலைந்துவிட்டது. மீட்டரை மாற்றியது உண்மையென்றால் அதற்கான பில் எங்கே? பின்பக்கம் வேன் இடித்ததும் உங்களிடம் சொல்லப்படவில்லை.

மறுமொழி: வழக்குரைஞர், கோவை

நீங்கள் அறிந்தே வாங்கினால், பின்னர் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லும் வாய்ப்பை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். பணம் கைமாறாததால் இழப்பீடு கேட்க இப்போது இடமில்லை. ஆனாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் விளம்பரப் படத்தையும் சர்வீஸ் விவரத்தையும் சேர்த்துப் புகார் பதியலாம். சர்வீஸ் விவரத்தைப் பயன்படுத்தும் முன் உரிமையாளரின் ஒப்புதலைப் பெறுங்கள்.

அடுத்த வண்டியைப் பார்க்கும்போது, அந்தக் கன்சல்டிங்கிடம் ஆர்.டி.ஓ. வழங்கிய அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வணிகர் அந்தச் சான்றைப் பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்த விவரம் பதிவு அலுவலகத்துக்கு மின்னணு வழியில் தெரிவிக்கப்படவும் வேண்டும். அப்படிச் செய்தவரிடம் வாங்கினால், வண்டி எந்த நாளில் யாரிடம் இருந்தது என்பதற்கு ஒரு தடயமாவது இருக்கும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று), வங்கியின் பெயரை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வராமல் பாக்கித் தொகையைக் கொடுக்க வேண்டாம். நிலுவையில் உள்ள அபராதங்களை அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.