சைட்டேஷனுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம்,

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு சொல் வேணும், அதான் அவசரமா எழுதுறேன். எங்க காலேஜ்ல தமிழ் வழி விலங்கியல் மூணாம் வருசப் பிள்ளைங்க ஒரு கண்காட்சி வைக்கிறாங்க. ஒரு செல் உயிரியலாளர் என்ன கண்டுபிடிச்சாரு, அது மத்தவங்க ஆராய்ச்சியில எவ்வளவு தூரம் போய்ச் சேந்துச்சுன்னு ஒரே சார்ட்ல காட்டணும். பிள்ளைங்க எடுத்தது ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமி.

முதல் பாதி நல்லா வந்துருச்சு. செல் தன்னோட பழைய சாமானைத் தானே சுத்திக் கட்டிச் செரிச்சுக்கிறதுக்கு 1963ல கிறிஸ்டியன் டி டூவ் ஆட்டோஃபேஜின்னு பேரு வச்சாரு, நாம இந்தக் குழுவுல தன்னுண்ணல்னு முடிவு பண்ணது பிள்ளைங்க வாயில அப்படியே ஒட்டிக்கிச்சு. ஓசுமி 1988ல, 43 வயசுல, டோக்கியோ பல்கலைக்கழகத்துல தனி லேப் ஆரம்பிக்கிறாரு. வாக்குவோல்ல, அதான் செல்லுக்குள்ள பழசைச் செரிக்கிற பையில, செரிக்கிற நொதி இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போடுறாரு, சில மணி நேரத்துல வாக்குவோல் பூரா குட்டிக் குட்டி உருண்டையா நெறஞ்சு விடாமத் துள்ளிக்கிட்டு கிடக்கு, அதைச் சாதாரண மைக்ரோஸ்கோப்லயே பாத்துடுறாரு. ஒரு பிள்ளை இதைக் கேட்டுட்டு, "அரிசி உலை கொதிக்கிற மாதிரியா மிஸ்?"ன்னா. அப்படியே சார்ட்ல எழுதச் சொல்லிட்டேன். 1992ல அந்தக் கட்டுரை, 1993ல தன்னுண்ணலுக்கு வேண்டிய 15 ஜீனைக் காட்டுன கட்டுரை, 2016ல தனி ஆளா நோபல்.

ரெண்டாவது பாதியிலதான் சிக்கல். ஒரு கட்டுரையை மத்த கட்டுரைங்க குறிப்பிடுறதுக்கு, அதான் சைட்டேஷனுக்கு, மேற்கோள்னு எழுதிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை கேக்குறா, "இத்தனை பேரும் அவரு எழுதுன வரியை அப்படியே எடுத்து எழுதிருக்காங்களா மிஸ்?" தமிழ்ப் பேப்பர் கட்டுரையில பாட்டு வரி எழுதி, ஸ்கேல் வச்சு அடிக்கோடு போடுறாங்கல்ல, அவளுக்கு மேற்கோள்னா அதான். அவ கேட்டது சரிதான்னு எனக்குத் தோணுது. என்ன சொல் போடலாம்?

திருமங்கலம் டீச்சர்

•

டீச்சரம்மாவுக்கு,

மேற்கோளைத் தள்ளுறதுக்கு முன்னாடி அந்தச் சொல்லை ஒருதரம் பிரிச்சுப் பாருங்கம்மா. கொள், முதல் நீண்டு கோள் ஆகுது, கெடு கேடு ஆன மாதிரி, படு பாடு ஆன மாதிரி, முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒருத்தர் கொண்ட கொள்கை கோள். நன்னூல் சொல்ற 32 உத்தியில பிறன்கோட் கூறல்னே ஒன்னு இருக்கு, அடுத்தவர் கொள்கையை எடுத்துச் சொல்றது, வரியை அப்படியே எழுதுறது இல்ல. வானத்துல இருக்கிற கோளும் இந்தக் கொள்ளுல பிறந்ததுதான், ஒளியைக் கொள்றதால கோள்னு சொல்வாங்க. கோள் சொல்றதுன்னு ஊர்ல சொல்றமே அதுவும் ஒருத்தர் பேச்சைக் கொண்டு போய் இன்னொருத்தர்கிட்ட வைக்கிறதுதான். ஆக பொருள் விரிஞ்சு கிடக்கு, பள்ளிக்கூடம்தான் அதைச் சுருக்கிருச்சு. சுருங்குனதை விரிக்கிறதும் ஆசிரியர் வேலைதானே?

இன்னொன்னு சொல்லாம இருக்க முடியல. தொல்காப்பியர் வரிக்கு வரி "என்மனார் புலவர்"ங்கிறாரு, யாரு அந்தப் புலவர்னு ஒரு பேரு கிடையாது. ஆனா எங்க மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலையில இருக்கிற தமிழி கல்வெட்டைப் பாருங்க, பள்ளி, அதாவது துறவி தங்குற இடம், பெற்றவர் கணி நந்தன், அதைக் கொட்டுவிச்சவர், அதாவது வெட்ட வச்சவர், நெடுஞ்செழியனோட பணியாள் கடலன் வழுதின்னு ரெண்டு பக்கமும் பேரோட வெட்டிருக்கு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே யாரு கொடுத்தா, யாரு வாங்குனான்னு கல்லுல பதிஞ்சு வச்ச ஊரு இது.

மேலூர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

•

அய்யா வணக்கம்,

மாங்குளத்தை நீங்க சொன்னதுதான் எனக்குச் சரியான உதாரணம். நான் இங்க நாகமலை புதுக்கோட்டையில இருந்துக்கிட்டு லேப்ல புரதத்தோட மல்லுக்கட்டுறவன், சைட்டேஷன் எனக்கு அன்றாட விசயம். என் கட்டுரைக்குக் கீழ நான் போடுறது ரெஃபரன்ஸ். அதே வரி, நான் யாரைச் சொன்னேனோ அவரு பக்கம் நின்னு பாத்தா சைட்டேஷன். நான் கொடுக்குறது, அவரு வாங்குறது. மேற்கோள்ங்கிறது கொடுக்கிறவன் பக்கம் மட்டும் நிக்குது. ஓசுமி எத்தனை மேற்கோள் பெற்றார்னு சொன்னா காதுக்கு ஒட்டலய்யா.

சுட்டுன்னு யாராச்சும் சொல்லப் போறீங்கன்னு தெரியும், இப்பவே சொல்லிடுறேன், வேண்டாம். அகரம் இகரம் சுட்டு எங்கிறதை விடுங்க, பசங்க பேச்சுல சுட்டுட்டான்னா அடுத்தவன் டேட்டாவைத் திருடிட்டான்னு அர்த்தம். சைட்டேஷன் அதுக்கு நேர் எதிரு, கடன் வாங்குனதை ஊரறியச் சொல்றது. அந்த ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிற சொல்லுலயே திருட்டு வாடை வரக்கூடாது.

டீச்சர், இன்னொன்னு. எண்ணிக்கையை மட்டும் பெரிசாப் போட்டுடாதீங்க. 1951ல லௌரியும் கூட இருந்தவங்களும் புரதத்தை அளக்க ஒரு வழி எழுதுனாங்க, 2014 கணக்குப்படி 3 லட்சத்துக்கு மேல சைட்டேஷன், உலகத்துலயே அதுதான் முதல் இடம். உபயோகமான வழிமுறை, அதனால எல்லாரும் போட்டாங்க. அதே சமயம் செல்ங்கிற சொல்லை 1665ல வச்ச ராபர்ட் ஹூக்கை இன்னைக்குப் பெரும்பாலான கட்டுரைங்க அடியில போடுறது இல்ல. ரொம்பப் பெரிய தாக்கம் அடிக்குறிப்புல இருந்து காணாமலே போயிடுது.

எனக்குச் சைட்டேஷன்னே எழுதிட்டாலும் சம்மதம். பஸ்ஸுன்னா எல்லாருக்கும் புரியுது, ஏறிப் போறோம்.

நாகமலை

•

சைட்டேஷன்னே எழுதலாம்னா நாம எதுக்குங்க இங்க கூடியிருக்கோம்? பஸ்ஸு தெருவுல ஓடுது, எல்லாரும் பாக்குறாங்க. சைட்டேஷன் எந்தத் தெருவுல ஓடுது? கேட்ட உடனே பொருள் பிடிபட்டாத்தான் அந்தப் பிள்ளை அடுத்த கேள்வி கேப்பா.

என் யோசனை எடுத்தாள்கை. இருபது வருசமா மொழிபெயர்ப்புல கஞ்சி குடிக்கிறேன், ஒரு சொல்லு நிக்குமான்னு பாக்க எனக்கு ஒரே சோதனைதான், அதுல இருந்து குடும்பம் கிளைக்குதா? எடுத்தாண்ட கட்டுரை, எடுத்தாளப்பட்ட கட்டுரை, எடுத்தாள்கை எண்ணிக்கை, அதிகம் எடுத்தாளப்பட்டவர். நாகமலை தம்பி கேட்ட ரெண்டு பக்கமும் வந்துருச்சு, வேர் ஒன்னுதான்.

அப்புறம் ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் 2005ல சொன்ன எச் இண்டெக்ஸையும் டீச்சர் சார்ட்ல போடுவாங்கன்னு நினைக்கிறேன். ஒருத்தரோட கட்டுரையில 10 கட்டுரை ஒவ்வொன்னும் குறைஞ்சது 10 தடவை எடுத்தாளப்பட்டிருந்தா எச் 10. இதுக்கு எச்ச எண்னு வைக்கலாம்ங்க! எச்சும் நிக்குது, எச்சத்தாற் காணப்படும்னு குறளும் நிக்குது. ஒருத்தர் விட்டுட்டுப் போறதை அளக்குற எண்ணுக்கு வேற என்ன பேரு வைக்க முடியும், ராத்திரி பூரா இதே நினைப்பா இருந்துச்சு.

சீக்கிரம் முடிவு பண்ணுவோம். தன்னுண்ணல் ஜீனுக்கே ஒவ்வொரு லேபும் ஏபிஜி, ஏயூடி, சிவிடின்னு தனித்தனியாப் பேரு வச்சுக்கிட்டு ஒரே ஜீனுக்கு மூணு பேரா அலைஞ்சாங்க, 2003ல கலந்து பேசி ஏடிஜின்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்களால முடிஞ்சது நமக்கும் முடியணும்.

அண்ணாநகர் மொழிபெயர்ப்பாளர்

•

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்ப திருநகரில இருக்கிறன். நாங்கள் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க உசாத்துணை எண்டுதான் எழுதுவம். உசாவுறதுக்குத் துணையா இருந்த நூல். ரெஃபரன்ஸுக்கு அது கச்சிதமாப் பொருந்தும், சைட்டேஷனுக்கு வேற தேடுங்கோ. உசாத்துணையை இந்தப் பக்கத்து ஆக்களும் எடுத்துக்கொண்டா எனக்குப் பெரிய சந்தோசம்.

•

தம்பி அண்ணாநகர்,

எடுத்தாள்கை அழகாத்தான் இருக்கு. ஆனா ஆளுறதுன்னா பயன்படுத்துறது. ஒருத்தர் சொன்னது தப்புன்னு மறுக்கிறதுக்காக அவர் கட்டுரையைக் குறிப்பிட்டா அது எடுத்தாள்றதா? நம்ம உரையாசிரியர்கள் பாதி இடத்துல அடுத்த உரைகாரர் பொருளைச் சொல்றதே அது பொருந்தாதுன்னு காட்டத்தான். பிறன்கோட் கூறலுக்குள்ள ஏற்கிறதும் அடங்கும், மறுக்கிறதும் அடங்கும். எடுத்தாள்கையில மறுக்கிறது அடங்கலயே.

எச்ச எண் படிச்சு மனசு நெறஞ்சு போச்சு, ஆனா பயமும் இருக்கு. பெயரெச்சம், வினையெச்சத்தைக் கூடச் சமாளிச்சிரலாம், கோபுரத்துப் புறா எச்சம்னு பிள்ளைங்க சொன்னா அப்புறம் அந்தச் சொல்லை மீட்க முடியாது. அதோட பரிமேலழகர் அந்த எச்சத்துக்கு மக்கள்னு பொருள் கொள்றாரு, எழுதி வச்ச கட்டுரைன்னு இல்ல.

மேலூர்

•

அய்யா, மக்கள்னே வச்சுக்குவோம், அதுதான் ஓசுமிக்குப் பொருத்தம். அவர் லேப்ல இருந்த மிசுஷிமாவும் யோஷிமோரியும்தான் ஈஸ்ட்ல கண்டதைப் பாலூட்டி செல்லுக்குக் கொண்டு போனவங்க. இன்னைக்கு அந்தத் துறையில பாதிப் பேரு எங்கயாவது ஒரு இடத்துல அவங்க வேலையில போய் முட்டத்தான் செய்றாங்க. டீச்சர், சார்ட்ல எண்ணுக்குப் பக்கத்துல ஒரு மரம் மாதிரி போட்டு இவங்க பேரையும் எழுதுங்க. செல் உயிரியலாளரோட தாக்கத்துல பாதி அவரு லேப்ல இருந்து வெளிய போன ஆளுங்கதான்.

மறுக்கிறதுக்காகக் குறிப்பிடுறதுங்கிற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, நீங்க சொன்னது நியாயம். ஆனா சைட்டேஷனை எண்ணுற கணக்கும் அப்படித்தான், பாராட்டையும் மறுப்பையும் ஒன்னாத்தான் கூட்டும். என் ஓட்டு எடுத்தாள்கைக்கே.

நாகமலை

•

எல்லாருக்கும் நன்றி. டவுன்ஹால் ரோட்டுல பிரிண்டுக்குக் கொடுத்துட்டு பஸ்ல உக்காந்து இதை எழுதுறேன். எடுத்தாள்கைக்கு ரெண்டு பேரு கை தூக்குனீங்க, அதையே போட்டேன், ரெஃபரன்ஸுக்கு உசாத்துணை. எச்ச எண்ணை விட்டுட்டேன், எச் எண்னு மட்டும் எழுதுனேன், அண்ணாநகர் சார் மன்னிக்கணும். மரம் போட்டாச்சு. முதல்ல கேள்வி கேட்ட பிள்ளைகிட்ட எடுத்தாள்கைன்னா என்னன்னு சொல்லாம வெறும் சொல்லை மட்டும் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அவரு வேலையை எடுத்து இவங்க வேலைக்கு வச்சுக்கிட்டாங்க"ன்னா. எனக்கு அது போதும்.

ஒன்னு மட்டும் பாக்கி. ஒருத்தர் தன் கட்டுரையைத் தானே குறிப்பிடுறாரே, செல்ஃப் சைட்டேஷன், அதுக்கு என்ன சொல்றது? தன்னெடுத்தாள்கைன்னா பிள்ளைங்க நாக்கு சுளுக்கிக்குது.

திருமங்கலம் டீச்சர்

•

மேற்கோள்னு வச்சிருந்தா தற்கோள்னு தானா வந்திருக்கும்மா. சார்ட்டுக்கு உங்க சொல்லே இருக்கட்டும், நான் மேற்கோள்னுதான் எழுதுவேன்.

மேலூர்