அக்கியோஷியின் ‘கோகுன்’: கலப்பா, ஒட்டுவேலையா?

இளவழகன்:
ஜப்பானிய ஜாஸ் பியானோ கலைஞர் தோஷிக்கோ அக்கியோஷியின் ‘கோகுன்’ (1974) ஜாஸையும் ஜப்பானியத் தாள மரபையும் ஒன்றாக்கிய படைப்பு என்று பலரும் கொண்டாடுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸ் காட்டில் ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஒளிந்திருந்த ஒனோடா என்ற படைவீரரை நினைத்து எழுதப்பட்ட இசை அது. கருப்பொருள் உலுக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானின் மரபு நாடகமான நோவில் வாசிக்கும் ட்சுசுமி என்ற கைமுரசின் ஒலியும் பாடகரின் குரலும் மேலே மிதக்கின்றன. அடியில் ஓடுவது அமெரிக்க பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் வாத்தியக் குழுவின் இசைதான். நோ தாளத்தில் ஒவ்வொரு அடியும் வகுத்து வைத்தது. மனோதர்மமே உயிராக உள்ள ஜாஸ் அதனோடு எப்படிக் கலக்கும்?

பூங்கோதை:
அடிகள் வகுத்தவைதான், இடைவெளிகள் அப்படியல்ல. ட்சுசுமி வாசிப்பவரைக் கவனித்துப் பாருங்கள். உடுக்கையைப் போல இடை சிறுத்த வாத்தியம். வலத்தோளில் ஏற்றி, இடக்கையால் கயிறுகளை இறுக்கித் தளர்த்தி, வலக்கை விரல்களால் தட்டுகிறார். குதிரைத்தோல் உலர்ந்துவிடாமல் இருக்க நடுவே அதன்மேல் வாயால் ஊதி ஈரப்படுத்துகிறார். தட்டுகளுக்கு முன் ‘யோ’, ‘ஹோ’ என்று குரல் எழுகிறது. அந்தக் குரல் எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்துத்தான் பாடகரும் மற்றக் கலைஞர்களும் அடுத்த அடியைப் பிடிக்கிறார்கள். வழக்கமாக எல்லோரும் கூடி ஒரே ஒரு ஒத்திகைதான் பார்ப்பார்கள். மீதி மேடையில்தான் முடிவாகிறது. இதை மனோதர்மம் இல்லை என்கிறீர்களா?

இளவழகன்:
நீங்கள் சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. அந்த இடைவெளி மூச்சுக்கு ஏற்ப நீளும், குறுகும். பாஸும் டிரம்ஸும் பிடித்து வைக்கும் ஸ்விங் என்ற ஜாஸ் தாள நடை அசையாது. இரண்டும் சந்தித்தால் ஒன்று பணிந்தாக வேண்டும்.

மாறன்:
மரபு என்பதைக் கல்லில் செதுக்கியதுபோல் பேசுகிறீர்கள், இளவழகன். இன்று உலகமெங்கும் மேடையேறும் தைக்கோ என்ற ஜப்பானிய முரசுகளின் கூட்டு வாசிப்பு எப்படிப் பிறந்தது? நாகானோ பகுதியைச் சேர்ந்த தைஹாச்சி ஒகுச்சி ஒரு ஜாஸ் டிரம்ஸ் கலைஞர். ஜாஸ் டிரம்ஸில் பல அளவு முரசுகள் சேர்ந்து ஒலிப்பதைப்போல வெவ்வேறு அளவுத் தைக்கோக்களை ஏன் ஒன்றாக வாசிக்கக் கூடாது என்று யோசித்து 1951இல் ‘ஒசுவா தைக்கோ’ குழுவைத் தொடங்கினார். பழமை என்று நாம் மெய்சிலிர்க்கும் அந்த வடிவத்துக்குள்ளேயே ஜாஸ் இருக்கிறது.

இளவழகன்:
தைக்கோ வேறு, பரம்பரைப் பள்ளிகள் காத்துவரும் நோ வேறு. தைக்கோவில் கலப்பு நடந்ததை ஏற்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த கென்னி எண்டோ டிரம்ஸ் கலைஞராக இருந்து, ஜப்பானுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் மரபுத் தாளம் பயின்று, அங்கே மேடைப்பெயர் பெற்றவர். இரண்டும் ஒரே கையில் ஊறியிருக்கின்றன. அக்கியோஷி அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பட் பாவெலைக் கேட்டு வளர்ந்தவர். நோ அவருடைய பயிற்சி அல்ல.

பூங்கோதை:
பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறீர்களே, அவர் வாழ்க்கையைப் பாருங்கள்! 1929இல் மஞ்சூரியாவில் பிறந்து, போருக்குப் பின் எல்லாம் இழந்த குடும்பத்தோடு ஜப்பான் வந்து, பெப்பு நகரின் நடன அரங்கில் வாசித்துப் பிழைத்தவர். 1956இல் பாஸ்டனின் பெர்க்லி இசைப் பள்ளிக்குப் போனார். கிமோனோ அணிந்த பெண் பாவெலைப் போல வாசிக்கிறாளே என்ற வேடிக்கைக்காகத்தான் அமெரிக்காவில் பலர் பார்த்தார்கள். அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டன் 1974 மே மாதம் இறந்தபோது, அவர் தம் இனத்தின் மரபை இசையில் எவ்வளவு பெருமையோடு ஏந்தினார் என்பதைப் படித்து, தன் மரபைப் பற்றி யோசித்ததாக அக்கியோஷியே சொல்லியிருக்கிறார். பின்னர் ஜப்பானின் மினமாட்டா ஊரைத் தாக்கிய பாதரச நச்சைப் பற்றியும், ஹிரோஷிமாவைப் பற்றியும் எழுதினார். இப்படி ஒருவர் ட்சுசுமியை அழைப்பது ஒட்டுவேலை ஆகாது. அடியில் ஸ்விங், மேலே மூச்சின் காலம். இரண்டும் பணியாமல் உரசுவதுதான் ‘கோகுன்’. காட்டிலிருந்து வெளியே வந்த ஒனோடாவின் நிலையும் அதுதானே?

இளவழகன்:
அந்த உரசலை இன்னொரு முறை கேட்கிறேன். ஆனால் என் கணக்கில் உண்மையான கலப்பு அந்த பேண்டில் வாசித்த லூ டபாக்கினின் புல்லாங்குழலில் இருக்கிறது. கையில் இருப்பது மேற்கத்தியக் குழல். வரும் காற்றொலியும் வளைவும் ஷாக்குஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழலினுடையவை. ட்சுசுமிக்கு அந்த பேண்டில் அப்படியோர் இடம் கிடைக்கவில்லை என்பதில் நான் மாறவில்லை.