எக்ஸ்ரே அறைக்கு ஏறி இறங்கும் மேசை தேவையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் நாற்பது படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகளாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அறையில் நான் ஒருத்தி. பகலில் உதவிக்கு ஓர் ஆயாம்மா இருக்கிறார். இரவில் யார் கிடைக்கிறார்களோ அவர்கள்தான்.

எங்களுடையது அசையாத மேசை. உயரம் 76 செ.மீ.; நேற்று தையல் டேப்பை வைத்து நானே அளந்தேன். பலகை எந்தப் பக்கமும் நகராது. அடியில், படம் பதியும் கேசட்டை வைக்கும் பக்கித் தட்டு மட்டும் தண்டவாளத்தில் ஓடும். நடந்து வருகிறவர்கள் ஏறுவதற்கு ஓர் இரும்பு ஸ்டூல் போட்டிருக்கிறோம்.

போன ஆடி மாதம் இடுப்பு வலி என்று ஒரு பாட்டி வந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. ஒரு காலை ஸ்டூலில் வைத்துவிட்டார். மறு காலைத் தூக்கும்போது சேலைக் கொசுவம் ஸ்டூலின் முனையில் மாட்டிக்கொண்டது. அதன் ஒரு காலில் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பாட்டி இரண்டு கைகளாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். விழாமல் பிடித்துவிட்டேன். தன் வலியை மறந்துவிட்டு, எனக்கு அடிபட்டுவிட்டதா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. அன்று பிடித்த முதுகு, குனிந்து கேசட்டைச் செருகும்போதெல்லாம் இன்னும் பிடிக்கிறது.

இப்போது நிர்வாகம் டிஜிட்டலுக்கு மாற முடிவு செய்திருக்கிறது. இரண்டு விலைப்புள்ளிகள் வந்துள்ளன. ஒன்றில் உயரம் மாறாத, நான்கு பக்கமும் நகரும் பலகை. மற்றொன்றில் அதே பலகை மோட்டாரில் ஏறி இறங்கும். வித்தியாசம் இரண்டரை லட்சம். "ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களை எப்படியும் நான்கு பேர் தூக்கித்தானே வைக்கிறீர்கள், இது எதற்கு" என்று கேட்கிறார்கள். பதில் எனக்குத் தெரியும், ஆனால் எழுத்தில் கொடுக்கும்படி சொல்லத் தெரியவில்லை. இந்த மேசையில் வேலை செய்கிறவர்கள், இதைப் பழுது பார்க்கிறவர்கள், இதில் படுத்தவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள். வாங்குவதற்கு முன்னால் டீலரிடம் என்ன கேட்க வேண்டும்?


மதுரை சர்வீஸ் எழுதியது:

சகோதரி, பதினெட்டு ஆண்டுகளாக எக்ஸ்ரே கருவிகளைப் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். ஏறி இறங்கும் மேசையையே வாங்குங்கள். ஆனால் வாங்கிய பிறகு படம் கெட்டுப்போகிறது என்று அழைக்கும் இடங்கள் நிறைய உண்டு. காரணம் இதுதான்.

படத்தைப் பதிவு செய்யும் டிடெக்டரும், சிதறிய கதிரைத் தடுக்கும் கிரிட்டும் மேசைக்கு உள்ளே இருக்கின்றன. மேசை ஏறினால் அவையும் ஏறும். கதிரை அனுப்பும் டியூப் மேலேயே நிற்கும். நீங்கள் டியூப்புக்கும் டிடெக்டருக்கும் இடையே 100 செ.மீ. தூரம் வைத்துவிட்டு, நோயாளியை ஏற்றுவதற்காக மேசையை 20 செ.மீ. இறக்கினீர்கள் என்று வையுங்கள். தூரம் 120 ஆகிவிட்டது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கதிர் குறைவதால், டிடெக்டருக்கு வருவது முன்பு வந்ததில் 70 சதவீதம்கூட இல்லை. மாறாக 15 செ.மீ. உயர்த்திவிட்டு மறந்தால் தூரம் 85. கதிர் ஏறக்குறைய 38 சதவீதம் கூடுதல். அத்துடன் 100 செ.மீ.க்கென்று செய்த கிரிட், தூரம் தவறினால் ஓரங்களில் கதிரை விழுங்கத் தொடங்கும். படத்தின் இரண்டு பக்கமும் வெளிறிப்போயிருக்கும். டிஜிட்டலில் கணினி அதைச் சரிக்கட்டப் பார்ப்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தானியம் தானியமாக மட்டும் தோன்றும்.

விலை உயர்ந்த கருவிகளில் மேசை அசைந்தால் டியூப்பும் தானே கூட வரும். உங்களுக்கு வந்திருக்கும் விலைப்புள்ளியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். படம் எடுக்க ஒரே உயரத்தை முடிவு செய்து, மேசைத் தூணில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். ஏற்ற ஒரு உயரம், எடுக்க ஒரு உயரம். சந்தேகம் வந்தால், டியூப்புக்கு அடியில் கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் காலிமேட்டரில் இருக்கும் அளவு நாடாவை இழுத்துப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும்.

அடுத்தது மின்சாரம். பலகையைப் பிடித்து நிறுத்துவது காந்தப் பூட்டு. சில மேசைகளில் மின்சாரம் இருக்கும்வரை பூட்டு பிடிக்கும், போனால் விட்டுவிடும். பலகை தண்ணீரில் மிதப்பதுபோல ஆகிவிடும். மேலே படுத்திருப்பவர் ஓரத்தில் கை ஊன்றி எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேறு சிலவற்றில் கால் சுவிட்சை மிதித்து மின்சாரம் கொடுத்தால்தான் பூட்டு விடும். மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே நிற்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. டீலர் வாயால் சொல்வதை நம்பாமல், மெயினை அணைக்கச் சொல்லிப் பலகையைத் தள்ளிப் பாருங்கள்.

எடை பற்றி ஒரு வார்த்தை. விவரத்தாளில் 200 கிலோ என்று போட்டிருப்பது, அசையாமல் படுத்திருக்கும்போதா, மோட்டார் தூக்கும்போதா என்று கேளுங்கள். இரண்டும் வேறு. பலகையை முழுவதும் வெளியே இழுத்துவிட்டு அதன் நுனியில் ஆளை உட்கார வைக்காதீர்கள். பேரிங் போவது பெரும்பாலும் அதனால்தான்.

கீழே இறக்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். ஓர் இடத்தில் பழைய ஸ்டூலை மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். மேசை அதன்மேல் இறங்கித் தூண் வளைந்துவிட்டது. அங்கே ஸ்டூலுக்குப் பதிலாகச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் இருந்திருக்கலாம். தடை பட்டால் தானே நிற்கும் உணரி இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பொருத்தியதும் தரச் சோதனை செய்து அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏ.இ.ஆர்.பி.) இ-லோரா இணையதளத்தில் புதிய கருவிக்கு உரிமம் எடுக்க அது வேண்டும். அதன்பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை.


ஓய்வுபெற்ற ரேடியோகிராபர் எழுதியது:

அம்மா, உன் பாட்டி கதையைப் படித்ததும் எனக்கு என் இரவுப் பணிகள் நினைவுக்கு வந்தன. தொடை எலும்பு முறிந்தவரை நான்கு பேர் போர்வையின் நான்கு முனையைப் பிடித்துத் தூக்குவோம். ஸ்ட்ரெச்சர் உயரம் ஒன்று, மேசை உயரம் ஒன்று. அந்த ஒரு சாண் வித்தியாசத்தில்தான் அவர் அலறுவார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தூக்கியதே கிடையாது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் தூக்க வேண்டியதே இல்லை, வழுக்குப் பலகையை வைத்து இழுத்துவிடலாம். இரண்டு பேர் போதும். உன் நிர்வாகத்துக்கு இதை எழுது: நான்கு பேர் தூக்குகிறார்கள் என்பது மேசை வேண்டாம் என்பதற்குக் காரணம் அல்ல, வேண்டும் என்பதற்கே காரணம்.

பலகையைப் பற்றிச் சர்வீஸ் தம்பி சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். ஒருநாள் சிறுநீரகப் படம் எடுக்க வந்த ஒருவருக்கு, மருந்து செலுத்துவதற்கு முன்பே எடுத்த வெறும் படத்தில் சிறுநீர்ப்பை இருக்கும் இடத்தில் பயறு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கல் என்றே நினைத்தேன். ஏதோ உறுத்தியதால் அவரை ஒரு விரற்கடை மேலே நகர்ந்து படுக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். எலும்புகள் நகர்ந்தன, கல் நகரவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், உறையின் தையலில் முந்தைய நாள் சிந்திய, படத்தில் வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்து காய்ந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்தை அப்படியே அனுப்பியிருந்தால் அவருக்கு இல்லாத கல்லுக்கு வைத்தியம் தொடங்கியிருப்பார்கள். ஆகையால் பலகையில் இணைப்போ பள்ளமோ விளிம்புச் சந்தோ இருக்கக் கூடாது. மெத்தை உறை தையல் இல்லாமல், துடைத்தால் போகும்படி இருக்க வேண்டும்.

கார்பன் ஃபைபர் பலகை என்று சொன்னால், அது எத்தனை மி.மீ. அலுமினியத்துக்குச் சமம் என்று கேள். எண் சிறியதாக இருக்க இருக்கப் பலகை விழுங்கும் கதிர் குறையும், நோயாளிக்குக் கொடுக்க வேண்டியதும் குறையும்.

தலைகீழாகச் சாயும் மேசையைக் காட்டி மயக்கப் பார்ப்பார்கள். பேரியம் கொடுத்து ஃபுளூரோஸ்கோப்பி, அதாவது ஓடும் எக்ஸ்ரே, பார்க்கிற இடத்துக்கு அது வேண்டும். குடலில் பேரியம் இறங்குவதற்காக ஆளை நிறுத்தியும் சாய்த்தும் பார்த்த காலம் எங்களுடையது. உங்கள் மருத்துவமனையில் அந்த வேலை இல்லையென்றால் அந்தப் பணத்தை ஏறி இறங்குவதில் போடு.

நாம் பக்கி, பக்கி என்று சொல்கிறோமே, அது ஓர் ஆளின் பெயர் என்பது இன்று படித்து வருகிற பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. குஸ்தாவ் பக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1913இல் அந்தக் கிரிட்டைச் செய்தார். அதன் கோடுகள் படத்தில் விழுந்தன. சிகாகோவில் ஹாலிஸ் பாட்டர் அதை நகர வைத்துக் கோடுகளை மறைத்தார். அதன் பிறகுதான் அது மேசைக்கு அடியில் நிலையாகக் குடியேறியது.


மூன்றுசக்கரம் எழுதியது:

நான் டெக்னீஷியன் இல்லை. படுத்தவர்கள் எழுதலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயல்படாது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். ஊர் சேலம்.

தோளில் வலி வந்து ஓர் இடத்தில் படம் எடுக்கப் போனேன். இரண்டு பேர் வந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் கக்கத்திலும் ஒருவர் முழங்காலுக்கு அடியிலும் கை கொடுத்து மூட்டையைப்போலத் தூக்கி மேசையில் போட்டார்கள். வலித்த தோளில்தான் முழு எடையும் விழுந்தது. வேட்டி விலகியதைச் சரிசெய்யக்கூட என் கை என்னிடம் இல்லை. அந்த அறையில் பெண்களும் இருந்தார்கள்.

என் நாற்காலி இருக்கை மெத்தையோடு 51 செ.மீ. மேசை அந்த உயரத்துக்கு வந்தால் எனக்கு யாரும் தேவையில்லை. பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி, கைப்பிடியைக் கழற்றிவிட்டு, வழுக்குப் பலகையில் நானே நகர்ந்துவிடுவேன். ஏறும்போது மேசை நாற்காலியைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தால் நல்லது. திரும்பி வரும்போது ஒரு விரல் உயர்ந்திருந்தால் நல்லது. மேலிருந்து கீழே நகர்வது எளிது. நிலையான மேசையால் இந்த இரண்டையும் ஒருநாளும் தர முடியாது. எனவே டீலர் எவ்வளவு உயரம் ஏறும் என்று பெருமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எவ்வளவு தாழ இறங்கும் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

உங்கள் நிர்வாகத்துக்கு இன்னொன்றும் எழுதலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. வாசலில் சரிவுப்பாதை போட்டுவிட்டு, உள்ளே 76 செ.மீ. மேசையின் முன்னால் என்னை நிறுத்தினால் நான் எங்கே அணுகுவது?


பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, அண்ணா, உங்கள் பதில்களை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோனேன். டீலர், தாங்கள் ஏற்கெனவே பொருத்திய ஓர் இடத்தில் மேசையைக் காட்டினார்.

முதலில் மெயினை அணைக்கச் சொன்னேன். தயங்கினார், பிறகு அணைத்தார். பலகையைத் தோளால் முட்டித் தள்ளினேன், அசையவில்லை. ஆனால் மேசை உயர்ந்த நிலையில் நின்றுவிட்டது, இறக்க வழியில்லை. மின்சாரம் வரும்வரை நோயாளி மேலேதான் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். அதற்கு யு.பி.எஸ். இணைப்புத் தனியாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விலைப்புள்ளியில் சேர்த்துத் தரச் சொல்லிவிட்டேன்.

டியூப் தானே கூட வரும் வசதி இதில் இல்லை. சிவப்பு டேப்தான்.

பிறகு மிகவும் தாழ இறக்கச் சொல்லி என் தையல் டேப்பை வைத்தேன். விவரத்தாளில் 55 என்று இருக்கிறது, பலகையும் 55தான். ஆனால் அதன்மேல் அவர்கள் கொடுக்கும் மெத்தையைப் போட்டதும் 60 ஆகிவிட்டது. சேலம் சகோதரர் எழுதியிராவிட்டால் மெத்தையோடு அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியே இருக்காது. பாதி தடிமன் உள்ள, தையல் இல்லாத மெத்தை கேட்டிருக்கிறேன். சகோதரரே, 57 அல்லது 58 என்றால் உங்களால் முடியுமா?

நானும் அதில் படுத்துப் பார்த்தேன். பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் மேசையில் படுத்ததில்லை. பலகை சட்டென்று நகரும்போது வயிற்றில் ஒரு திடுக்கிடல் வருகிறது. இனிமேல் நகர்த்துவதற்கு முன்பு வாயால் சொல்லிவிட்டுத்தான் நகர்த்துவேன்.


மூன்றுசக்கரம் எழுதியது:

58 என்றால் ஏறும்போது கொஞ்சம் கை பலம் வேண்டும், என்னால் முடியும். கைகளில் பலம் குறைந்தவர்களுக்கு ஒருவர் துணை வேண்டியிருக்கும். ஆனால் ஒருவர் போதும். மேசையின் அடிப்பகுதி உள்ளடங்கி இருக்கிறதா? என் கால் மிதி அதில் இடித்தால் ஒட்டி நிறுத்த முடியாது.


பொருநைக்கரை எழுதியது:

இருக்கிறது. பலகை ஓரத்திலிருந்து தூண் வரை இரண்டு சாண் இடம் உண்டு. எங்கள் மருத்துவமனையின் சக்கர நாற்காலியை எடுத்துப்போய் நிறுத்திப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை ஆயாம்மாவை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பாட்டியின் சேலை ஸ்டூலில் மாட்டியதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.