தண்ணீரும் கொடுத்தார்கள், நெல்லும் போடாதே என்றார்கள்: தெலங்கானாவில் நடந்தது என்ன?

ஹைதராபாத்வாசி:

சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், பதினொரு வருடமாக ஹைதராபாத்தில் வேலை. போன மே மாதம் நண்பனோடு சித்திப்பேட்டை அருகே அவன் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்பிருந்தே தார்ச்சாலையின் ஒரு பாதி முழுக்க நெல். அந்த வாரத்தில் இரண்டு மழை பெய்திருந்தது. நண்பனின் அப்பா தார்ப்பாயைத் தூக்கி, குவியலின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். வெள்ளையாக முளை விட்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவார்கள், அதனால் பகலெல்லாம் கிளறிக் காயவைத்து ராத்திரி அங்கேயே கட்டில் போட்டுப் படுக்கிறார், பன்னிரண்டு நாளாக.

அந்த நிலத்தில் முன்பு மக்காச்சோளமும் பருத்தியும்தான். 2020-இல் காளேஸ்வரம் திட்டத்தில் ரங்கநாயக சாகர் நீர்த்தேக்கம் வந்தது, வாய்க்கால் வந்தது, நெல் போட்டார். அடுத்த வருடமே மாநில அரசு யாசங்கியில், அதாவது கோடைப் பட்டத்தில், நெல் போடாதே என்றது. எனக்கு இது விளங்கவில்லை. அந்தத் திட்டத்தில் கோதாவரியை நூறு மீட்டர் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேலே மின்சாரம் போட்டு ஏற்றியது எதற்கு? தண்ணீருக்கு ஒரு கணக்கு, நெல்லுக்கு வேறு கணக்கு என்று இரண்டு பேர் தனித்தனியாக எழுதினார்களா? கட்சிச் சண்டை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரவைக்காரன்:

தம்பி, நான் காங்கேயத்தில் அரிசி ஆலைத் தொழிலில் இருக்கிறேன், என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன். 2021-இல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சண்டை நெல் மேல் இல்லை, புழுங்கல் அரிசி மேல்.

யாசங்கி நெல் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடைக்கு வரும். நாற்பது டிகிரி வெயிலில் கதிரிலேயே காய்ந்து மணிக்குள் விரிசல் விழுந்துவிடும். அதை அப்படியே பச்சரிசியாக அரைத்தால் நொறுங்கி நொய்யாகக் கொட்டும். ஊறவைத்து ஆவியில் வேகவைத்தால் விரிசல் ஒட்டிக்கொள்ளும், அரிசி முழுசாக வரும். அதனால்தான் அங்கே கோடை நெல் எல்லாம் புழுங்கலாகப் போனது. ஆனால் தெலங்கானாக்காரர்கள் புழுங்கல் சாப்பிடுவதில்லை. அது நம் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வரவேண்டிய சரக்கு. நம்மூர்களிலேயே நெல் கொள்முதல் கூடிவிட்டது, எங்கே அனுப்புவது என்று மத்திய அரசு கேட்டது. இனிமேல் புழுங்கல் தரமாட்டோம் என்று 2021 அக்டோபரில் மாநில அரசிடமும் எழுதி வாங்கிவிட்டார்கள். இந்திய உணவுக் கழகம் 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி கேட்கும், அதில் நொய் 25 சதவீதம் வரைதான் ஏற்கும். கோடை நெல்லில் அது ஆகாத காரியம். அந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதுதான் உண்மையான தகராறு. அன்றைய முதல்வர் சந்திரசேகர ராவ் மத்திய அரசே வாங்கவேண்டும் என்று 2022 ஏப்ரல் 11-இல் டெல்லியில் தர்ணா இருந்தார், மறுநாளே மாநில அரசே வாங்கும் என்று அறிவித்தார். அதற்குள் விதைப்புக் காலம் போய்விட்டது. முந்தின யாசங்கியில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்த நெல் அந்த வருடம் 36 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சொல்லைக் கேட்டுத் தரிசு போட்டவனுக்கு அந்த நட்டத்துக்கென்று ஈடு எதுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை, எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

மேட்டுநிலம்:

கேள்வியிலேயே ஒரு திருத்தம். எல்லா நெல்லும் காளேஸ்வரம் தண்ணீரில் விளைந்ததில்லை. புதிதாக 18 லட்சம் ஏக்கர் என்று திட்டம் போட்டார்கள், 2022 மார்ச் வரை உருவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், சுமார் 41 ஆயிரம் ஏக்கர்தான் என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சொல்கிறது. செலவு 1.47 லட்சம் கோடியைத் தாண்டும், போட்ட ஒரு ரூபாய்க்கு 52 பைசாதான் பலன் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. 2023 அக்டோபரில் அந்தத் திட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கும் மேடிகட்டா தடுப்பணையின் தூண்கள் இறங்கிவிட்டன. அதற்கு அடுத்த வருடம் அங்கே தண்ணீர் தேக்காமலே மழைக்காலப் பட்டத்தில் 153 லட்சம் டன் நெல் விளைந்ததாக மாநில அரசே சொன்னது. அப்படியானால் நெல் எங்கிருந்து வந்தது? தூர்வாரிய குளங்கள், ஆழ்துளைக் கிணறு, 2018 ஜனவரியிலிருந்து 24 மணி நேர இலவச மின்சாரம், அதற்கு மேல் பெரும்பாலான ஊர்களில் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நிச்சயமாக வாங்கும் பயிர் நெல்தான் என்ற நிலைமை. துவரைக்கும் நிலக்கடலைக்கும் ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இருந்தால் விவசாயி ஏன் நெல்லைக் கட்டிக்கொண்டு அழப்போகிறான். அணை கட்டுகிற துறைக்கு ஏக்கர் கணக்குத்தான் சாதனை, அந்த ஏக்கரில் விளைவதை எங்கே விற்பது என்று அந்தக் கோப்பில் ஒரு பக்கம் கூட இருக்காது. கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

வண்டல்மண்:

இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1902-இலேயே மேற்கு மாநிலங்களுக்குப் பாசனம் கொண்டுபோகச் சட்டம் போட்டு அரசுப் பணத்தில் அணைகளாகக் கட்டித் தள்ளினார்கள். இன்னொரு துறை உபரி தானியத்தை வாங்கி வைக்க இடம் இல்லாமல் திணறியது. 1956-ஐ மட்டும் பாருங்கள். ஏப்ரலில் கொலராடோ ஆற்றில் பெரிய அணைகள் கட்டச் சட்டம், மே மாதத்தில் நிலத்தைச் சும்மா போட்டால் பணம் தரும் ‘மண் வங்கி’ச் சட்டம்.

ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். அந்த ஏப்ரல் சட்டத்திலேயே, புதிதாகப் பாசனம் பெறும் நிலத்தில் ஏற்கெனவே உபரியாக இருக்கும் முக்கியப் பயிர்களை விளைவிக்கப் பத்து வருடத்துக்குத் தண்ணீர் கிடையாது என்று நிபந்தனை எழுதினார்கள். அது உபரியைத் தீர்த்துவிடவில்லை. 1983-இல் பணத்தோடு அரசுக் கிடங்குத் தானியத்தையும் கூலியாகக் கொடுத்து ஏழு கோடி ஏக்கருக்கு மேல் தரிசு போட வைத்தார்கள். இருந்தாலும் தண்ணீர் திறக்கும்போதே பயிர்ப் பேச்சும் நடந்தது, நான் சொல்ல வருவது அதுதான். மடை திறந்த பிறகு வந்து நெல் வேண்டாம் என்பது விவசாயியை நம்பவைத்து நடுவில் விடுவது.

ஹைதராபாத்வாசி:

எல்லோருக்கும் நன்றி. புழுங்கல் விவகாரம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மேட்டுநிலம் சொன்னதை நேற்று ராத்திரி நண்பனின் அப்பாவிடம் போனில் சொன்னேன். துவரை, நிலக்கடலை பற்றிக் கேட்டதும் அவர் முதலில் சொன்னது குரங்கு. மக்காச்சோளம் போட்டால் குரங்குக் கூட்டம், நிலக்கடலை போட்டால் காட்டுப்பன்றி, நெல்லைத்தான் எதுவும் அவ்வளவாகத் தொடுவதில்லை என்கிறார். அப்புறம், வாய்க்காலை ஒட்டிய இரண்டு ஏக்கரில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது, அதில் வேறு என்ன போடுவது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை என்கிறார்கள், அதனால் வருகிற பட்டமும் நெல்தானாம்.

கல்லணைக்கரை:

ஐயா, வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊறல் நிலத்தில் நெல்லை விட்டால் வழியில்லை, வடிகால் வெட்டாமல் அங்கே மாற்றுப் பயிர் பேசுவதே தப்பு, அவரை வற்புறுத்தாதீர்கள். மேட்டுப் பக்கம் எத்தனை ஏக்கர், செம்மண்ணா கரிசலா என்று கேட்டுச் சொல்லுங்கள். செம்மண்ணாக இருந்தால் அரை ஏக்கர் மட்டும் எள் போட்டுப் பார்க்கலாம், குரங்கு அதிகம் சீண்டாது. உள்ளூர் வியாபாரி என்ன விலைக்கு எடுப்பார் என்று விதைக்கு முன்பே பேசிவிடச் சொல்லுங்கள்.