ஜீப் டிஃப்ரன்ஷியல் ஆயில் வீட்டிலேயே மாற்ற: ஓடையில் இறங்கிய பிறகு ஆயில் வெளுத்துவிட்டது

மண்பாதை:

வண்டி மஹிந்திரா சிஜே 3பி, நாலு வீல் டிரைவ், டீசல் இன்ஜின் மாத்தினது. ஓட்டம் பாதி தார் ரோடு, பாதி தோட்டத்துப் பாதை. நடுவுல ஒரு ஓடை இருக்கு, மழைக்காலத்துல ஹப் முங்குற அளவுக்குத் தண்ணி ஓடும்.

பின் டிஃப்ரன்ஷியல்ல (ஆக்சில் நடுவுல இருக்குற பல்சக்கரக் கூடு) ஆயில் ஊத்துற ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டா, ஆயில் பால் ஊத்தின காப்பி நிறத்துல வருது. முன் டிஃப்ரன்ஷியல்ல நிறம் சரியா இருக்கு, ஆனா லெவல் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கு. கீழே ஒரு சொட்டு கூட இல்ல.

ரெண்டையும் நானே மாத்தலாம்னு இருக்கேன். என்ன ஆயில், எவ்வளவு, எந்த வரிசையில செய்யணும்? தண்ணி போன கூட்டை மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவலாமா? கடையில 140 நம்பர்தான் போடச் சொல்றாங்க, சரியா?

---

பினியன்:

தாராளமாக வீட்டில் செய்யலாம். இந்த ஜீப்பின் தரை இடைவெளிக்கு ஜாக்கி கூடத் தேவையில்லை, அடியில் படுத்தே கை எட்டும். ஆனால் அதை இந்த வாரமே செய்யுங்கள். வெளுத்த ஆயிலோடு நிறுத்தி வைத்தால் பேரிங் உருளைகள் கிண்ணத்தைத் தொடும் இடங்களில் கோடு கோடாகத் துருப்பிடிக்கும். பிறகு ஆயில் மாற்றினாலும் அந்தக் கோடுகள் உறுமிக்கொண்டே இருக்கும்.

அளவு: சிஜே 3பி-யில் முன்னால் டானா 25 ரக ஆக்சில், பின்னால் டானா 44. இந்த ஜீப்பை முதலில் வடிவமைத்த வில்லிஸ் கம்பெனியின் பழைய கணக்குப்படி இரண்டுக்கும் தலா இரண்டரை பைன்ட், நம் கணக்கில் 1.2 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பின்பக்கத்தைக் கழுவவும் சேர்த்து 5 லிட்டர் வாங்குங்கள்.

ரகம்: கெட்டித்தன்மை எண் 80டபிள்யூ-90, டப்பாவில் ஏபிஐ ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். இந்த ஆக்சிலில் பினியன் என்ற சிறு பல்சக்கரம், அது சுற்றிவிடும் பெரிய கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே உட்காருகிறது. அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. 8 பல் பினியன் 43 பல் கிரவுனைத் தள்ளுகிறது, அதாவது 5.38 விகிதம். ஏற்றத்தில் அந்தச் சிறு பல்லின் முகத்தில் விழும் அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். ஜிஎல்-5-ல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் கலவை சூட்டில் இரும்போடு சேர்ந்து மெல்லிய காப்புப் படலம் கட்டுகிறது. மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை வாடை அடிப்பது அந்தக் கந்தகம்தான்.

140 பற்றி: நாள் முழுக்கப் பாரம் ஏற்றிக்கொண்டு கோடையில் சமவெளியில் ஓடும் வண்டிக்கு 85டபிள்யூ-140 போடலாம், தப்பில்லை. மலைப்பக்கம் விடியற்காலை குளிரில் கிளப்பும் வண்டிக்கு வேண்டாம். அத்தனை கெட்டி ஆயில், பினியனின் வெளிப்பக்க பேரிங்குக்குப் போய்ச் சேரவே நேரமாகும். சத்தத்தை அமுக்குவதற்காக 140 சொல்கிறவர்கள் உண்டு. சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. விற்பனைக்கு வரும் பழைய ஜீப்புகளில் இதையே ஒரு படி மேலே போய், கூட்டுக்குள் மரத்தூள் போட்டு வைப்பதும் நடக்கிறது. வாங்கிய வண்டியில் முதல் முறை ஆயில் இறக்கும்போது அதைக் கட்டாயம் பாருங்கள்.

இனி வரிசை.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். சூடான ஆயில் அடியில் படிந்த தூளையும் கிளப்பிக்கொண்டு இறங்கும். சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லெவல் பார்த்தால் கணக்கு தப்பும்.

முதலில் திறக்க வேண்டியது மேலே உள்ள ஃபில்லர் பிளக். இது ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் பிளக் வராமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே கழன்ற பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும்.

இரண்டு லிட்டராவது பிடிக்கும் அகலமான தட்டு வையுங்கள். வரும் ஆயிலில் தண்ணீர் தனியாக முதலில் விழுந்தால் நிறையப் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சொட்டு நிற்க அரை மணி நேரம் விடுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதை நான் ஏற்கமாட்டேன். அது பேரிங் இடுக்குகளில் தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அதற்குப் பதில் பின்கூட்டில் அதே கியர் ஆயிலை முழு லெவலுக்கு ஊற்றி, பாரமில்லாமல் மூன்று நான்கு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூட்டோடு மறுபடி இறக்குங்கள். இரண்டாவது முறையும் வெளுத்து வந்தால் இன்னொரு தடவை. ஒரு லிட்டர் ஆயில் விலையையும் கிரவுன் பினியன் செட் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு புரியும்.

ஊற்றும்போது துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள், வழிவது நிற்கும் வரை பொறுங்கள். அதுதான் லெவல். “கொஞ்சம் சேர்த்தே இருக்கட்டும்” என்று வண்டியைச் சாய்த்து வைத்து ஊற்றினால் கூடுதல் ஆயில் ஆக்சில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போகும். லைனிங்கில் கியர் ஆயில் ஊறினால் லைனிங்கையே மாற்ற வேண்டியதுதான்.

---

ரிங்ஸ்பேனர்:

பினியன் சொன்னது எல்லாம் சரி. நான் கருவி விஷயம் மட்டும் சொல்றேன் நண்பா.

இந்த வண்டியில போல்ட் எல்லாம் இன்ச் அளவு. மில்லிமீட்டர் செட்டை எடுத்துட்டுப் போனா ஏறக்குறைய பொருந்துற மாதிரியே இருக்கும், ஆனா துருப்பிடிச்ச போல்ட்டோட மூலை மழுங்கிடும். ரிங் ஸ்பேனர், இல்லன்னா ஆறு பட்டை பாக்ஸ். ரெட்டை முனை ஓப்பன் ஸ்பேனர் கண்டிப்பா வேணாம்.

பிளக் சதுரக் குழியோட இருந்தா அரை இன்ச் ராட்செட்டோட சதுர முனையே பல இடத்துல உட்காரும். உட்கார்றதுக்கு முன்னாடி குழிக்குள்ள இறுகின மண்ணை ஆணியால சுரண்டி எடுத்துடுங்க. அடி வரைக்கும் முனை இறங்கலன்னா வெளி விளிம்பு மட்டும் பிடிச்சு குழி உருண்டையாயிடும். கழலாத பிளக்குக்கு முந்தின ராத்திரியே துரு இளக்குற ஆயில் அடிச்சு விட்டுட்டு, காலையில பிளக்கோட தலையில சுத்தியால நேராப் பத்து தட்டு தட்டுங்க. அந்த அதிர்வுல மரையில இருக்குற துரு உடையும். அப்புறம் கைப்பிடியில பைப் போட்டு, வெடுக்குன்னு இழுக்காம நிதானமா அழுத்துங்க.

திரும்பப் போடும்போது: பிளக் கூம்பு மரையா இருந்தா வாசர் வேணாம். மரையைத் துடைச்சு, கையால முதல்ல மூணு சுத்து ஏத்திட்டு அப்புறம் ஸ்பேனர். கூம்பு மரைங்கறதால உள்ள போகப் போக இறுகிட்டே இருக்கும், அது எப்ப முட்டும்னு காத்திருந்தா வார்ப்பு மூடி விரிசல் விடும்.

உங்க ஆக்சில்ல கீழ் பிளக் இல்லன்னாலோ, அது மழுங்கிப் போயிருந்தாலோ, பின் மூடியையே கழட்டணும். தண்ணி போன கூட்டுக்கு அதுதான் இன்னும் நல்லதும்கூட, உள்ள என்ன நிலைன்னு கண்ணால பார்த்துடலாம். கீழ் போல்ட்டுகளை முழுசா எடுத்துட்டு, மேல் ரெண்டை மட்டும் நாலு மரை பிடிப்புல விடுங்க. மூடியோட கீழ் விளிம்பை மெல்ல நெம்புனா ஆயில் தட்டுல ஒழுங்கா விழும். எல்லாத்தையும் எடுத்துட்டு நெம்புனா மூடியும் ஆயிலும் சேர்ந்து மூஞ்சிலதான்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது கூட்டுக்குள்ள சுத்தமான துணியை அடைச்சு வைங்க. ரெண்டு முகமும் எண்ணெய்ப் பசை இல்லாம காய்ஞ்சிருக்கணும், விரல் வெச்சா வழுக்கக் கூடாது. பேப்பர் பேக்கிங் கிடைச்சா அது, இல்லன்னா சிலிக்கான் பேஸ்ட். அனபாண்ட் 666 மாதிரி எங்கயும் கிடைக்கிறதே போதும். 3 மி.மீ. தடிமன்ல ஒரே கோடு, ஒவ்வொரு போல்ட் துளைக்கும் உள்பக்கமா வளைச்சு இழுங்க. தடியாப் போட்டா உள்பக்கம் பிதுங்கி, அந்தத் துண்டு பிஞ்சு ஆயிலோட சுத்தும். போல்ட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்குங்க. ஆயில் ஊத்துறதை மறுநாள் வெச்சுக்கோங்க.

ஊத்துறதுக்கு ஆயில் பம்பு இல்லன்னா, டப்பாவை பானெட் உயரத்துக்குத் தூக்கி வெச்சு, ஒரு மீட்டர் பிளாஸ்டிக் டியூப் விட்டாப் போதும். டப்பாவைக் கால் மணி நேரம் வெயில்ல வெச்சா ஆயில் இளகி இறங்கும்.

---

பட்டைஸ்பிரிங்:

ஆயில் மாற்றுவது பாதி வேலை. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதை அடைக்காவிட்டால் அடுத்த மழையில் இதே கேள்வியைத்தான் கேட்பீர்கள்.

ஏற்றம் ஏறி வந்த ஆக்சில் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே ஓடையில் இறங்கினால் கூடு சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். ஆக்சில் குழாயின் மேல் ஒரு சிறு மூச்சுத் துளை, அதாவது பிரீதர் இருக்கும். அது தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீலின் உதடு வழியாக இழுக்கும். ஓடைக்கரையில் பத்து நிமிடம் நிறுத்தி ஆற விட்டு இறங்குவதே நிறைய உதவும்.

பிரீதரைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். பிறகு அதன் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் மாட்டி, இன்ஜின் அறைப் பக்கம் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், வாய் கீழ்நோக்கி வளையும்படி கட்டுங்கள். ஸ்பிரிங் பட்டை முழுதாகத் தொங்கும்போதும் ஹோஸ் இழுபடாத அளவு தளர்வு விட வேண்டும். பிரீதர் அடைத்த ஆக்சிலில் இன்னொரு கோளாறு, ஓட ஓட உள் அழுத்தம் ஏறி பினியன் சீல் வழியாக ஆயில் கசியும். சீலை இரண்டு முறை மாற்றியும் நிற்காத கசிவுக்குப் பல நேரம் இதுவே காரணம்.

இனி உங்கள் முன் ஆக்சில். லெவல் இறங்கியிருக்கிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் ஆயில் வெளியே போகவில்லை, பக்கவாட்டில் போயிருக்கிறது. இந்த வண்டியில் ஸ்டியரிங் திரும்பும் இடம் மூடிய பந்துக்குள் இருக்கிறது. ஆக்சில் குழாய் முனையில் உள்ள உள் சீல் தேய்ந்தால் டிஃப்ரன்ஷியல் ஆயில் அந்தப் பந்துக்குள் போய் அங்கிருக்கும் கிரீஸைக் கரைக்கும். பந்தின் பிளக்கைத் திறந்து பாருங்கள். கிரீஸுக்குப் பதில் கறுத்த குழம்பு போல ஒழுகினால் உள் சீல் போய்விட்டது. அதை மாற்ற ஹப்பும் ஸ்பிண்டிலும் கழன்று ஆக்சில் ஷாஃப்ட் வெளியே வர வேண்டும். வீட்டில் செய்ய முடியும், ஆனால் ஆயில் மாற்றும் அதே நாளில் தொடங்க வேண்டாம். அதுவரை வாரம் ஒரு முறை முன் லெவலைப் பார்த்து நிரப்பி ஓட்டுங்கள்.

முன்னால் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஹப்) போட்டிருந்தால், டூ வீல் ஓட்டத்தில் முன் கிரவுன் சுற்றாது. ஆயில் அடியிலேயே கிடக்கும், மேல் பற்களில் ஈரம் பிடித்துத் துரு வரும். மாதம் ஒரு முறை ஹப்பைப் பூட்டி, நாலு வீல் டிரைவில் போட்டு, மண் பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். தார் ரோட்டில் இதைச் செய்ய வேண்டாம், முன்பின் சக்கரங்கள் வளைவில் ஒன்றையொன்று முறுக்கும்.

---

மண்பாதை:

ரொம்ப நன்றி மூணு பேருக்கும். பின்பக்கம் மேல் பிளக், கீழ் பிளக் ரெண்டும் கழண்டுடுச்சு. ஆயில் இறக்கியாச்சு. கீழ் பிளக்குல சாம்பல் நிறத்துல ஒரு பசை, அதுல ஊசி முனை மாதிரி ரெண்டு மூணு மினுக்குது. தட்டுல காந்தம் விட்டுப் பார்த்தேன், கட்டியா எதுவும் இல்ல. பயப்படணுமா? மிச்சம் இருக்குற ஆயிலை கியர்பாக்ஸ்ல ஊத்தலாமா?

---

பினியன்:

அந்தப் பசையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விபூதி போல வழுவழுப்பாகக் கரைந்தால் வழக்கமான தேய்மானம்தான். மணல் போல நறநறத்தால் வெளியிலிருந்து மண் போயிருக்கிறது, சீலைப் பார்க்க வேண்டும். தவிட்டுச் செதில் போலத் தட்டையான துண்டுகள் பேரிங் உரிவதைக் காட்டும். ஒரு பக்கம் பளபளப்பும் மறு பக்கம் சொரசொரப்புமாகக் கனமான சில்லு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது. அப்போது மூடியைத் திறக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. நீங்கள் சொல்லும் இரண்டு மூன்று மினுக்கு முதல் வகை. ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி பிளக்கைத் துடைத்துப் பாருங்கள், பசை இதே வேகத்தில் சேர்ந்தால் அப்போது பேசலாம்.

கியர்பாக்ஸில் ஊற்ற வேண்டாம். பழைய டி-90 பெட்டி என்றால் உள்ளே பித்தளை சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துபவை) உண்டு. ஜிஎல்-5 கலவை சூட்டில் பித்தளையை அரிக்கலாம், வழுக்கல் அதிகமாவதால் சிங்க்ரோ பிடிக்காமல் கியரும் கிறீச்சிடும். அதற்கு ஜிஎல்-4. விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதால் ஒன்றின் ஆயில் மற்றதற்குப் போகும், இரண்டிலும் ஒரே ரகம் இருக்கட்டும். டீசல் மாற்றும்போது வேறு கியர்பாக்ஸ் ஏற்றியிருந்தால் அந்தப் பெட்டிக்கு உரியதைப் போடுங்கள்.

இதே பக்கத்தைப் படித்துவிட்டு மஹிந்திரா தார் வண்டி வைத்திருப்பவர்களும் கேட்பார்கள், அதனால் ஒரு வரி: 2015-க்குப் பிறகு வந்த தார் சிலவற்றில் பின் ஆக்சிலில் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் (ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) இருக்கிறது. அதற்குள் உராய்வுத் தட்டுகள் வேலை செய்கின்றன. வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எந்தச் சேர்மானத்தையும் சொந்த யோசனையில் கலக்காதீர்கள்.

---

ரிங்ஸ்பேனர்:

இறக்கின ஆயிலைத் தரையிலயோ வாய்க்கால்லயோ ஊத்திடாதீங்க, கிணத்துத் தண்ணியில வாடை ஏறினா போகவே போகாது. பழைய டப்பாவுலயே ஊத்தி மூடி, பழைய இன்ஜின் ஆயிலைச் சேர்த்து வெச்சு விக்கிற பட்டறையில குடுத்துடுங்க. தண்ணி கலந்த டப்பான்னு சொல்லியே குடுங்க.

புது ஆயில் ஊத்தி முதல் ஓட்டம் முடிஞ்சதும் கையை வெச்சுப் பாருங்க. கூடு இளஞ்சூடா இருக்கலாம், கை வைக்க முடியாத சூடுன்னா லெவலைத் திரும்பப் பாருங்க. மறுநாள் காலையில ஆறின பிறகு பிளக்கைத் திறந்து விரலை விட்டு நிறம் பாருங்க. லேசா வெளுத்திருந்தாலும் அதை இறக்கிட்டு, மீதி லிட்டரை அதுக்குத்தான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சு ஊத்திடுங்க.