தம்பிக்கு இரண்டாவது கஞ்சா வழக்கு: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 64ஏ பிரிவு கைகொடுக்குமா?

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். தறி ஓட்டும் என் தம்பி, வயது 24, மூன்று வாரம் முன்பு 60 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டான். 2022லேயே ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவன். ஒரு கிலோ வரை சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டு. மறுபடியும் தண்டனை என்றால் அதே சட்டத்தின் 31ஆம் பிரிவில் அது ஒன்றரை மடங்கு.

ஜாமீனில் வந்திருக்கிறான். கை நடுங்கி, அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூட முடியவில்லை. ஒன்றரை வருஷம் உள்ளே வைத்துச் சோறு போடும் அரசுப் பணத்தில் வைத்தியம் பார்த்தால் பிழைத்துக்கொள்வான்.

இரண்டு வக்கீல்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் ‘இந்தத் தடவையும் ஒப்புக்கொள்’ என்றார், இன்னொருவர், தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ பற்றிப் பேசவே இல்லை. அப்புறம் போதை மீட்பு உதவி எண் 14446க்கும் பேசினேன். தம்பி சிகிச்சைக்குத் தயார்.

ஏற்கெனவே தண்டனை பெற்றவர் அரசு அங்கீகார மையத்தில் சேர்ந்து, 64ஏ விலக்கு வாங்கிய அனுபவம் இங்கே யாருக்காவது உண்டா?