மல்டிஃப்யூல் அடுப்பா, விறகு மட்டும் எரிக்கும் அடுப்பா?

வெண்சாம்பல்:
அறையைச் சூடாக்கக் கண்ணாடிக் கதவு போட்ட மூடிய அடுப்பு ஒன்று தேவை. அறை 5 மீட்டர் நீளம், 4.5 அகலம், 2.5 உயரம். சுவர், ஜன்னல் காப்பு சுமார்தான். ஒரு மாடல் விறகுக்கு மட்டும். இன்னொன்று மல்டிஃப்யூல், அதாவது விறகு, புகையில்லா நிலக்கரி இரண்டுக்கும். இரண்டிலும் 'குறைந்த உமிழ்வு' சான்று ஒட்டியிருக்கிறது. இரண்டாவது 8 கிலோவாட். பெரிதாக வாங்கிக்கொண்டு, வேண்டியபோது குறைத்து எரிக்கலாம் என்று யோசனை. சரிதானா?

கொள்ளி:
காய்ந்த விறகு தடையில்லாமல் கிடைக்குமென்றால் விறகு அடுப்பையே வாங்குங்கள். இரண்டு எரிபொருளும் எரியும் விதமே வேறு. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் சூட்டில் வாயுவாகக் கிளம்பிவிடும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். அதற்கு மேலிருந்து சூடான காற்று வேண்டும். ஆந்த்ரசைட் என்ற புகையில்லா நிலக்கரியில் வாயுவாகும் பங்கு 10 சதவீதத்துக்குள். மீதி கெட்டிக் கார்பன், படுக்கையாகக் கிடந்து எரியும். அதற்குக் கீழிருந்து காற்று வேண்டும். விறகுக்கு அடியில் சாம்பல் மெத்தை இருந்தால் நல்லது, நிலக்கரிக்கு அதுவே மூச்சுத்திணறல். ஒரே பெட்டியில் இரண்டையும் கேட்டால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

கருங்கட்டி:
மலிவு மாடல்களுக்கு இது பொருந்தும். ஒழுங்கான மல்டிஃப்யூல் அடுப்பில் எரிபொருளைத் தாங்கும் கிரேட் கம்பிகளை வெளியிலிருக்கும் கைப்பிடியால் திருப்பி மூடலாம், அடிக்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் தனித்தனி லீவர் இருக்கும். கிரேட்டை மூடி, மேலே ஓர் அங்குலம் சாம்பலை விட்டு, அடிக்காற்றை முழுக்க அடைத்தால் அது விறகு அடுப்புதான். கிரேட்டைத் திறந்து, சாம்பலை உதிர்த்து, அடிக்காற்றை விட்டால் நிலக்கரி அடுப்பு. பெட்டி ஒன்று, எரிக்கும் முறை இரண்டு.

கொள்ளி விட்டுவிட்ட கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஆந்த்ரசைட் கிலோவுக்கு 8.5 கிலோவாட்-மணி அளவில் தரும். 20 சதவீத ஈரமுள்ள விறகு 4 சொச்சம்தான். நிலக்கரியை ஒன்றிரண்டு வருஷம் காயவைக்கவும் வேண்டாம். காற்றைக் குறைத்து இரவெல்லாம் அடக்கி எரிக்கவும் முடியும்.

அளவுகோல்:
எரிபொருள் சண்டைக்கு முன்னால் அந்த 8 கிலோவாட்டைக் கவனியுங்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அறையின் கொள்ளளவு 56 கன மீட்டர். சுமாரான காப்புள்ள அறைக்கு 14ஆல் வகுப்பது நடைமுறைக் கணக்கு: 4 கிலோவாட். காற்றுப் புகும் பழைய வீடென்றால் 10ஆல் வகுங்கள், 5.6 வரும். நல்ல காப்பு என்றால் 20 அல்லது 25, மூன்றைக்கூடத் தொடாது. இந்த அறைக்கு 5 கிலோவாட் தாராளம்.

8 வாங்கினால் அரை மணியில் அறை புழுங்கும். உடனே காற்றை மூடுவீர்கள். விறகு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், எரிக்கக் காற்று இராது. அது புகையாகப் போய்க் குழாயில் தாராகப் படியும். 'எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்' என்பார்கள். விறகு அடுப்பின் கட்டுப்பாடு அவ்வளவுதான்: சூடு குறைய வேண்டுமா, அடுத்த தடவை சின்னக் கட்டை போடுங்கள். காற்றை நெரிக்காதீர்கள்.

5 கிலோவாட், 75 சதவீதத் திறன் என்றால் உள்ளே 6.7 கிலோவாட் போக வேண்டும். விறகில் மணிக்கு சுமார் 1.6 கிலோ. முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒன்றேகால் கிலோ, கட்டைக்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ. ஆந்த்ரசைட்டில் மணிக்கு 0.8 கிலோ.

கொள்ளி:
அளவு விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் கருங்கட்டி சொல்லும் அந்த மூடும் கிரேட்டுக்கு வருவோம். கம்பிகள் புதிதாக இருக்கும்போது மூடும். ஒரு குளிர்காலம் நிலக்கரி எரித்து வளைந்த பிறகு? இடுக்கு வழியாக அடிக்காற்று ஏறும். தணல் பட்டறை உலை போலக் கொழுந்துவிடும், கட்டையிலிருந்து வாயு ஒரே மூச்சில் கிளம்பும், அந்த வேகத்துக்கு மேல்காற்று ஈடுகொடுக்காது. புகைதான்.

கருங்கட்டி:
கம்பி வளைவது நிலக்கரியின் குற்றம் என்றா சொல்கிறீர்கள்? சாம்பல் தட்டைக் காலி பண்ணாததுதான் காரணம். கீழிருந்து ஏறும் குளிர்ந்த காற்றுதான் கிரேட்டைக் காப்பாற்றுகிறது. தட்டு நிரம்பிச் சாம்பல் கம்பியைத் தொட்டால் காற்று நிற்கும், வார்ப்பிரும்பு மேலும் கீழும் சூட்டில் மாட்டிக்கொண்டு தொங்கிவிடும். நிலக்கரி எரிக்கும் நாட்களில் காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை தட்டைக் கொட்ட வேண்டும். உதிர்க்கும்போது தட்டில் சிவப்புக் கங்கு விழ ஆரம்பித்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவு செய்தால் கம்பி பல வருஷம் வரும்.

உண்மையிலேயே கம்பியைத் தின்பது பெட்ரோலியக் கோக், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி. சாம்பல் குறைவு, சூடு அதிகம், கிரேட்டுக்குப் போர்வையே இராது. அடுப்பின் கையேட்டில் பெயர் இல்லாத எரிபொருளைப் போடக்கூடாது என்பது இதற்காகத்தான்.

வெண்சாம்பல்:
சரி, 5 கிலோவாட். அந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம்?

அளவுகோல்:
ஐரோப்பிய எக்கோடிசைன் விதியை எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. முன்பக்கம் மூடிய, பெல்லட் (மரத்தூள் உருண்டை) எரிக்காத அடுப்புக்குப் புகைத் துகள் வரம்பு கன மீட்டருக்கு 40 மில்லிகிராம், கார்பன் மோனாக்சைடு 1500 மில்லிகிராம். இரண்டும் புகையில் 13 சதவீத ஆக்ஸிஜன் இருப்பதாகக் கொண்டு சமன்செய்த எண்கள். பருவகாலத் திறன் குறைந்தது 65 சதவீதம்.

எண்ணைப் பார்க்கும்போது எப்படி அளந்தார்கள் என்றும் பாருங்கள். சோதனைக்கூடத்தில் அளந்து வெட்டிய காய்ந்த கட்டை, புகைபோக்கியின் நிலையான இழுவை, முழு வெப்பத் திறனில் ஓட்டம். துகளைச் சூடான வடிகட்டியில் பிடித்தால், வெளியே போய்க் குளிர்ந்தபின் துளியாக மாறும் தார் ஆவி கணக்கில் முழுதாக வராது. புகையைக் காற்றோடு கலந்து குளிரவைத்து அளக்கும் முறையில் அதுவும் சேரும், எண் கூடும். ஆக, ஒரே முறையில் அளந்த இரண்டு அடுப்புகளை ஒப்பிடலாம். உங்கள் புகைபோக்கியிலிருந்து என்ன வரும் என்று அந்த எண் சொல்லாது.

மல்டிஃப்யூல் மாடலில் இன்னொன்று: சான்று எந்த எரிபொருளுக்கு? சிலவற்றில் விறகுக்கு மட்டும் குறைந்த உமிழ்வு. நிலக்கரிக்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கொள்ளி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சோதனைக்கூடத்துக்கு வெளியே எல்லாம் ஈரத்தைப் பொறுத்தது. 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி' என்று கேட்பார்கள். அடுப்புக்கு விடை உண்டு, 20 சதவீதத்துக்குக் கீழே ஈரமுள்ள கொள்ளி. மீட்டர் வாங்கிக் குத்திப் பாருங்கள்.

அளவுகோல்:
குத்தும் இடமும் முக்கியம். கட்டையின் வெளிப்பக்கம், வெட்டு முனை இரண்டும் ஏமாற்றும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்த வேண்டும். குளிரில் கிடந்த கட்டையை முதலில் அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், குளிர்ந்த கட்டையில் எண் குறைத்துக் காட்டும். சாதாரண ஊசி மீட்டர்கள் பெரும்பாலும் உலர்ந்த எடைக்கு ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டுகின்றன. எரிபொருள் விதிகள் சொல்லும் 20 மொத்த எடையில். அது மீட்டரில் 25 ஆகும். உங்கள் மீட்டர் எந்தக் கணக்கு என்று கையேட்டைப் பாருங்கள்.

ஈரம் ஏன் கெடுக்கிறது என்பதிலும் ஒரு தப்புக் கருத்து உலவுகிறது. ஒரு கிலோ கட்டையில் 350 கிராம் தண்ணீர் இருந்தாலும் அதை ஆவியாக்கக் கால் கிலோவாட்-மணிதான் செலவு. அந்த நஷ்டத்தைத் தாங்கலாம். ஆனால் பெட்டி குளிர்ந்துபோகிறது. தாரும் மோனாக்சைடும் எரிந்து தீர 600 டிகிரிக்கு மேல் வேண்டும். அது கிடைக்காதபோது காற்றை எவ்வளவு திறந்தும் பயனில்லை.

கருங்கட்டி:
அதிகம் காய்ந்தாலும் தொல்லை உண்டு. உலையில் வாட்டி 10 சதவீதத்துக்கும் கீழே போன மெல்லிய கட்டைகளைத் திணித்தால் எல்லாம் ஒரேயடியாக வாயுவாகும், கறுப்புப் புகை. அப்படிப்பட்டதைப் பருமனாக, ஒவ்வொன்றாகப் போடுங்கள். பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மரம், கடலில் மிதந்து ஒதுங்கிய உப்பு மரம் மூன்றும் எந்த அடுப்புக்கும் ஆகாது. அதைப் பேசவும் வேண்டாம்.

கொள்ளி:
அட, ஒன்றில் ஒத்துப்போனோம். பற்றவைப்பதிலும் ஒத்துப்போகிறீர்களா? பெரிய கட்டை இரண்டை அடியில் இடைவெளி விட்டு வைத்து, மேலே சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் பற்றவைக்க வேண்டும். தீ மெல்லக் கீழே இறங்கும். கிளம்பும் வாயு எப்போதும் சுவாலையைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும், அதனால் தொடக்கப் புகை மிகவும் குறையும். அடியில் பற்றவைத்தால் மேலே கிடக்கும் குளிர்ந்த கட்டை வெந்து புகைவதைத் தடுக்க வழியில்லை.

கருங்கட்டி:
விறகுக்கு ஒத்துக்கொள்கிறேன். நிலக்கரிக்கு அந்த அடுக்கு உதவாது. முதலில் சுள்ளியை நன்றாக எரியவிட்டு, ஒரு கைப்பிடி கட்டி தூவி, அது சிவந்ததும் அடுத்த படலம். அடிக்காற்று முழுத் திறப்பு. கங்கு படுக்கை நன்றாகச் சேரும்வரை அவசரப்படக்கூடாது.

மேலே எரிபொருள் போடுவதில்தான் நிறையப் பேர் ஆபத்தை வரவழைக்கிறார்கள். சிவந்த படுக்கை முழுவதையும் புதுக் கட்டிகளால் மூடாதீர்கள். கங்கின் ஊடாக ஏறும் கார்பன் டை ஆக்சைடு கார்பனோடு சேர்ந்து மோனாக்சைடாக மாறுகிறது. படுக்கையின் மேல் ஆடும் நீலச் சுவாலை அது எரிவதுதான். முழுக்க மூடினால் நீலம் அணையும், வாயு எரியாமல் தேங்கும். பிறகு கதவைத் திறந்தால் குபீரென்று பற்றலாம். ஒரு பக்கம் சிவப்பைத் தெரியவிட்டு மறுபக்கம் போடுங்கள். மேல்காற்றைச் சிறிதாவது திறந்து வையுங்கள்.

கொள்ளி:
இதை நீங்களே சொல்லிவிட்டு, இரவெல்லாம் அடக்கி எரிக்கலாம் என்பதற்காக நிலக்கரியைப் புகழ்வது எப்படி?

கருங்கட்டி:
ஆந்த்ரசைட்டை அடக்கினால் புகை வராது, புகைக்க அதில் வாயு அவ்வளவு இல்லை. விறகை அடக்கினால் விடியும்வரை தார் வடியும். இரவு முழுக்கச் சூடு தேவைப்படுகிறவருக்கு மல்டிஃப்யூலின் மொத்த நியாயமும் இதில் இருக்கிறது.

புகைக்கூண்டு:
இருவரும் குழாயை மறந்துவிட்டீர்கள். அடக்கி எரிக்கும்போது குழாய் குளிர்கிறது, இழுவை குறைகிறது. புகை வராவிட்டாலும் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பு இருக்கும் அறையிலேயே மோனாக்சைடு அலாரம் வேண்டும்: அடுப்பிலிருந்து கிடையாக 1 முதல் 3 மீட்டருக்குள், சுவரில் உயரமாக, ஆனால் கூரைக்கு 15 சென்டிமீட்டருக்குள் போகாமல். இரவு அடக்கி எரிக்கும் வீட்டில் இது இல்லாமல் எரிபொருள் விவாதமே கூடாது.

அடுத்து, கலந்து எரிப்பது. 'மல்டிஃப்யூல்' என்ற பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றாகப் போடுகிறார்கள். நிலக்கரியில் கந்தகம், விறகில் தண்ணீர். இரண்டும் குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் சேர்ந்தால் அமிலம். புகைபோக்கிக்குள் இறக்கும் எஃகு லைனர் சில வருஷத்தில் பொத்தலாகும். வெறும் விறகுக்கு 316எல் தர எஃகு போதும். நிலக்கரியும் எரிப்பதாக இருந்தால் முதலிலேயே அமிலம் தாங்கும் 904எல் போடுங்கள், பின்னால் மாற்றுவது இரட்டை வேலை. விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறும் நாளில் ஒன்றை எரியவிட்டு முடித்தபின் மற்றதைத் தொடங்குங்கள்.

ஒற்றைச் சுவர்க் குழாயில் காந்த வெப்பமானி ஒட்டிவையுங்கள். மேற்பரப்பு 115 முதல் 245 டிகிரிக்குள் இருந்தால் நல்ல ஓட்டம். கீழே போனால் தார் படியும். மேலே போனால் சூடு வீணாகிறது, பெட்டிக்குள் மேலே புகையை மடக்கும் பாஃபிள் தகடும் வெந்துபோகும்.

சமையலறையில் உறிஞ்சு விசிறி ஓடினால் அது அடுப்பின் புகையையும் உள்ளே இழுக்கும். அடுப்புக்கு வெளிக்காற்றுக் குழாய் தனியாக இருந்தாலும் விசிறியை முழு வேகத்தில் ஓட்டி ஒரு முறை சோதியுங்கள்.

வெண்சாம்பல்:
கண்ணாடி கறுத்தால் என்ன அர்த்தம்?

கொள்ளி:
முழுக்கக் கறுத்தால் ஈரக்கட்டை, அல்லது மேல்காற்றை நெரித்திருக்கிறீர்கள். மேல்காற்றுதான் கண்ணாடியின் உட்புறம் வழிந்து இறங்கி அதைத் துடைக்கிறது. ஒரு மூலை மட்டும் கறுத்தால் கதவு விளிம்பை அடைக்கும் கயிறு கசிகிறது, அல்லது கட்டை கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது. அடுப்பு குளிர்ந்திருக்கும்போது ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கயிறு தேய்ந்துவிட்டது. புதுக் கயிறு அதே தடிமனில் இருக்க வேண்டும், ஒட்டும்போது இழுத்து நீட்டக்கூடாது.

புகைக்கூண்டு:
அதோடு பாஃபிளை இறக்கி மேலே சேர்ந்த கரியைத் தட்டுங்கள். அங்கே அடைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் வரும், ஆட்கள் புகைபோக்கியைக் குறை சொல்வார்கள். உள்சுவரில் வெப்பம் தாங்க வைத்திருக்கும் வெர்மிகுலைட் பலகையில் கீறல் விழுவது சாதாரணம். துண்டு உதிர்ந்து இரும்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். கட்டையை எறியாமல் வைத்தால் பலகை தானாக நிற்கும். குழாய் துடைப்பு: விறகென்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை, நிலக்கரி மட்டும் என்றால் ஒரு தடவையாவது.

வெண்சாம்பல்:
அப்படியானால் 5 கிலோவாட், மூடும் கிரேட், விறகு முதன்மை, நிலக்கரி கடுங்குளிர் இரவுகளுக்கு, 904எல் லைனர். சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

கொள்ளி:
கலப்பில்லாத விறகுச் சாம்பல் மட்டும், அதுவும் கொஞ்சமாக, அமிலம் விரும்பும் செடிகளை விட்டுவிட்டு. நிலக்கரிச் சாம்பல் மண்ணுக்கு ஆகாது. பாருங்கள், இரண்டையும் எரித்தால் சாம்பலையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். என் கட்சியில் அந்த வேலை இல்லை.

கருங்கட்டி:
பிரிப்பதற்கு ஒரு வாளி கூடுதல், அவ்வளவுதான். இரண்டு வாளியும் இரும்பாக, மூடியோடு, மரத்தரையில் வைக்காமல் வெளியில் இருக்கட்டும். நீறு பூத்த நெருப்பு இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும், அது விறகா நிலக்கரியா என்று பார்ப்பதில்லை.